ஐஸ் ஆலை, அரிசி ஆலை, படகுப் பட்டறை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் ஐஸ் ஆலை, அரிசி ஆலை, படகு எஞ்சின் பட்டறை நடத்தும் முதலாளிமாருக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பேராதனையிலும் மொறட்டுவையிலும் ஒலுவிலிலும் இயந்திரப் பொறியியல் படிக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிற் பயிற்சி கட்டாயம். படிப்பு நான்கு வருடம். அதற்குள் ஓர் ஆலையில் சில மாதம் நின்று, நாட்குறிப்பு எழுதி, கையொப்பம் வாங்கி, அறிக்கை கொடுக்க வேண்டும். இதற்காகக் கொழும்புப் பக்கம் போய், போர்டிங் காசு கட்டி, பெரிய ஆலையொன்றில் நாலு நாளைக்கு ஒரு பிரிவாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அநேகம். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கக்கூடிய தூரத்தில் உங்கள் ஆலை இருக்கிறது. வருடம் ஒரு பிள்ளையை எடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. சீனக்குடாப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்கு இதை எழுதவில்லை. ஒரு கொம்பிறசரும் ஒரு மெக்கானிக்கும் உள்ள இடங்களுக்குத்தான் எழுதுகிறோம்.

"கம்பஸ் பிள்ளைக்கு ஸ்பனர் பிடிக்கத் தெரியாதே" என்பீர்கள். பெரும்பாலும் உண்மை. கம்பஸ் பட்டறையில் ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, லேத்தில் ஒரு தண்டு கடைந்து, இரண்டு துண்டை வெல்டிங் செய்திருப்பார்கள். மிச்சமெல்லாம் வெப்பவியக்கவியல், பாய்மப் பொறிமுறை, பொருள்களின் வலிமை, இயந்திர வடிவமைப்பு என்று தாளில் போட்ட கணக்கு. ஆகவே வந்த முதல் நாளே கழற்றிப் பூட்டும் வேலைக்கு விடாதீர்கள். அளக்கிற வேலையைக் கொடுங்கள். அதில்தான் உங்கள் மெக்கானிக்கிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது.

ஐஸ் ஆலையை எடுத்துக்கொள்வோம். 28 பாகை நீரை 0 பாகைக்குக் கொண்டுவரக் கிலோவுக்கு 117 கிலோயூல், உறையவைக்க 334, ஐஸை −8 வரை இறக்க இன்னும் 17. மொத்தம் 468. ஒரு தொன்னுக்கு 130 கிலோவாற்று மணி (மின் பில்லில் வரும் யூனிட்) வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். கொம்பிறசர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பத்தை அகற்றினால் ஏறத்தாழ 43 யூனிட் போதும். அதன்மேல் ஐஸ் கேன்கள் அமிழ்ந்திருக்கும் உப்புநீர்த் தொட்டியின் சுவர், மூடி, கலக்கி, பம்ப் எல்லாம் சேரும். மீட்டரில் தொன்னுக்கு 60 வந்தால் ஏற்கலாம். 90 வந்தால் எங்கோ காசு உருகிப் போகிறது. எங்கே என்று தேடுவதே அந்தப் பிள்ளையின் பயிற்சி.

தேட வேண்டிய முதல் இடம் கொண்டென்சர், அதாவது கொம்பிறசர் அமுக்கிய அமோனியா வாயு குளிர்ந்து திரவமாகும் இடம். அதிலிருந்து வரும் திரவ அமோனியாவின் வெப்பநிலை 35 பாகை என்றால், அமுக்கமானி ஏறத்தாழ 12.5 பார் காட்ட வேண்டும். 14 அல்லது அதற்கு மேல் காட்டினால் உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். மானி சரியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமுக்கம், திரவ வெப்பநிலை இரண்டும் சேர்ந்தே ஏறியிருந்தால் குழாயில் உப்புப் படிந்திருக்கிறது, அல்லது குளிர்விக்கும் நீர் போதவில்லை. பிள்ளை இரண்டு அளவையும் மணிக்கொரு தடவை எழுதட்டும். காற்றை வெளியேற்றுவது ஒபறேற்றரின் வேலை. பயிலுநர் வால்வைத் தொடக்கூடாது.

அடுத்தது உப்புநீர். நிறைப்படி 20 சதவீதம் கறியுப்பு இருந்தால் அது −16 பாகையளவில்தான் உறையும். ஒவ்வொரு தடவையும் கேன்களோடு போகிற உப்புநீரும், உள்ளே சிந்துகிற நன்னீரும் கரைசலை மெல்ல மெல்ல நீர்த்துப்போகச் செய்யும். பிறகு தொட்டியைக் குளிர்விக்கும் அமோனியாச் சுருள்மேலேயே ஐஸ் பிடித்து, கட்டி உறைய நேரம் இழுக்கும். உடனே "கொம்பிறசர் களைச்சுப் போச்சு" என்று பழியைத் தூக்கி அதன்மேல் போடுவார்கள்! உயர்தர வகுப்பில் கையாண்ட அதே நீரமானியால் (திரவத்தின் அடர்த்தி அளக்கும் மிதவை) இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

கொட்பே துறைமுகத்துப் பக்கம் உள்எஞ்சின் படகு திருத்துகிறவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. எஞ்சினும் விசிறியைச் சுற்றும் சுழல்தண்டும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் படகு அதிரும், தண்டு வெளியே போகும் இடத்து நீரடைப்பு அடிக்கடி ஒழுகும். எஞ்சினையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைக் கழற்றி, இரண்டு முகங்களையும் நெருக்கி, மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்திலும் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள கப்ளிங்கில் வித்தியாசம் 0.1 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. பிறகு தண்டைக் கால்சுற்றுச் சுற்றி மறுபடி அளக்க வேண்டும். இடைவெளி தண்டோடு சேர்ந்து நகர்ந்தால் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது அதன் கப்ளிங் முகம் சரியில்லை. நகராமல் அதே இடத்தில் நின்றால் எஞ்சின் இருக்கையைச் சரிப்படுத்த வேண்டும். இதைக் கரையில் ஏற்றிவைத்துச் செய்தால் போதாது. நீரில் இறங்கியதும் படகின் உடல் சற்று வடிவம் மாறும். முடிவான அளவு மிதக்கும்போதுதான். வகுப்பில் படித்த முறுக்கமும் அதிர்வும் பிள்ளைக்கு இந்த இடத்தில்தான் பிடிபடும்.

கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து அரிசி ஆலைக்காரருக்குச் சுருக்கமாக இரண்டு. உமி நீக்கும் இறப்பர் றோலர் சோடியில் வேகமாகச் சுற்றுவதுதான் கூடத் தேயும். அதன் விட்டம் குறையக் குறைய இரண்டின் வேக வித்தியாசமும் குறைந்து, உமி கழலாத நெல் கூடும். பிள்ளை நாளுக்கு ஒரு தடவை வேர்னியரால் விட்டத்தை அளந்து வரைபு கீறினால், எப்போது இரண்டு றோலரையும் இடம் மாற்றிப் பூட்டுவது என்று முன்கூட்டியே தெரியும். சேர்ந்தோடும் வீ பெல்ற்றுகளில் ஒன்று அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றும் பழக்கத்தையும் விடுங்கள். புதியது தனியே பாரம் இழுத்து முதலில் போகும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். அமோனியா முகமூடி கொம்பிறசர் அறைக்கு வெளியே, கதவருகில் தொங்க வேண்டும். உள்ளே மாட்டினால் தேவைப்படும் நேரத்தில் எடுக்க முடியாது. பெல்ற், றோலர் எதையும் தொடுமுன் மெயின் சுவிச்சைப் பூட்டி, திறப்பை வேலை செய்கிறவரே வைத்திருக்க வேண்டும். சாரமும் செருப்புமாக வருகிற பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

தேநீர் வாங்கவும் பில் எழுதவும் மட்டும் ஆள் தேவையென்றால் தயவுசெய்து எடுக்க வேண்டாம். எடுப்பதானால் பல்கலைக்கழகத்தின் கைத்தொழிற் பயிற்சிப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். என்னென்ன இயந்திரங்கள், அவற்றின் கொள்ளளவு, பிள்ளையை மேற்பார்க்கப் போகிறவரின் பெயரும் தகைமையும், வேலை நேரம், எத்தனை பேர், கொடுப்பனவு உண்டா இல்லையா: இவ்வளவும் அதில் இருக்கட்டும். விபத்துக் காப்புறுதி யார் பொறுப்பு என்பதைப் பிள்ளை வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் பொறியியலாளர் இல்லையென்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள். அந்த இடம் பயிற்சிக்குப் பொருந்துமா, மேற்பார்வைக்கு வேறு ஒழுங்கு செய்யலாமா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து இயந்திரப் பொறியியலாளர் சிலர்