மாமா, அது திடீர்க் காற்று இல்லை

மாமா,

அந்த விமான விபத்துக்கு நாளையோடு ஒரு வருடம். நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே படிக்கிற மற்றவர்களுக்கும் முழுதாகச் சொல்லப்போவதில்லை, காப்புறுதிப் பேச்சு இன்னும் முடியவில்லை. எந்த ஓடுதளம், யாருடைய செஸ்னா குட்டி விமானம் என்பதெல்லாம் வேண்டாம். சிங்கப்பூர்க் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், அது போதும்.

போகிற வீட்டிலெல்லாம் "திடீர்னு ஒரு காத்து, பையன் என்ன பண்ணுவான்" என்கிறீர்களாம். தீபாவளிக்கு என் காதுபடவே சொன்னீர்கள், நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். திடீர் என்று ஒன்றும் வரவில்லை, மாமா. காற்று 12 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்), வீச்சு, அதாவது இடையிடையே வலுத்து அடிப்பது, 22 வரை என்று ரேடியோவில் தெளிவாகச் சொன்னார்கள். உங்கள் காதிலும் ஹெட்செட் இருந்தது, ஆனால் உங்களுக்கு அது வெறும் எண். பிப்ரவரிக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் ஓடுதளமும் ஏறக்குறைய அந்தப் பக்கம் பார்த்தே இருப்பதால் முகத்தில் அடிக்கும், சமாளிக்கலாம். அங்கே இடது பக்கத்திலிருந்து அடித்தது. கம்பத்தில் ஆரஞ்சுத் துணிக்குழாய் ஒன்று இருந்ததே, 15 நாட் காற்றில் அது முழுதாக விறைத்துவிடும். விறைத்துத்தான் நின்றது.

செஸ்னா 172 கையேட்டில் பக்கக் காற்றுக்குப் போட்டிருப்பதும் 15 நாட்தான். அது சோதனையில் செய்துகாட்டிய அளவு, மீறக்கூடாத வரம்பு இல்லை என்று இந்த ஒரு வருடத்தில் எத்தனை பேரிடம் வாதாடியிருப்பேன்!

ஓடுதளத்துக்கு வெளியே காத்திருந்தோமே, அந்த இரண்டு நிமிடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எஞ்சின் ஓடுகிறது, உங்கள் முழங்கால்களுக்கு நடுவில் சிவப்பு பிளாஸ்க். நான் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வாட்சைப் பார்த்தீர்கள். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு சுத்து சுத்திட்டுப் போயிடலாம்டா, அஞ்சு மணிக்கு மேல பாலத்துல மாட்டிக்குவோம்." ஏழு வயதில் சிலேத்தார் வேலியோரம் என்னைத் தோளில் தூக்கிவைத்து விமானம் காட்டியவர் நீங்கள், பயிற்சிக்குப் பாதிப் பணம் கட்டியவரும் நீங்கள், உங்களிடம் நான் எப்படி "வேண்டாம், திரும்பலாம்" என்று சொல்வேன்?

சொல்லியிருக்க வேண்டும். இடது இருக்கையில், விமானி இருக்கையில், இருந்தது நான். முடிவு என்னுடையது, சட்டப்படியும்.

வேகம் போதுமான அளவு வரும் முன்பே ஒரு வீச்சு நம்மைத் தூக்கியது. அடுத்த நொடி விட்டுவிட்டது. வலது பக்கம் தள்ளிக்கொண்டுபோய்ச் சக்கரம் குறுக்கே இறங்கி, இறக்கை நுனி புல்லைக் கிழித்து, முன்சக்கரம் உடைந்து, புரொப்பெல்லர் மண்ணில் மடங்கியது. அப்புறம் அந்த அமைதி. எஞ்சின் நின்ற பிறகும் கருவிப் பலகைக்குள் ஜைரோக்கள், விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டும் சுழல் சக்கரங்கள், சுற்றிக்கொண்டிருந்தன, கொசு மாதிரி ஒரு ரீங்காரம், மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே. பெட்ரோல் வாடை. மணிக்கட்டு ஒடிந்து தொங்க நீங்கள் கேட்டது, "உனக்கு ஒன்னும் இல்லையே?"

மன்னித்துவிடுங்கள் மாமா. அந்தக் கைக்குள் தகடு இருக்கிறது, மழைக்காலத்தில் வலிக்கிறது என்று அத்தை சொன்னார்கள். (அத்தை இதையும் படிப்பார்கள், தெரியும்.) ஆனால் ஏன் வாட்சைப் பார்த்தீர்கள்? ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாமே, எல்லாவற்றையும் காற்றின் மேல் போட்டுவிட்டு என்னைப் பச்சைக் குழந்தை ஆக்கிவிட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சனிக்கிழமை காலை மறுபடி பறக்கிறேன், பக்கத்தில் பயிற்றுநரோடு. அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது தெரிந்திருக்கும்.

நீங்கள் வர வேண்டாம். பிளாஸ்க் இன்னும் என் காரில்தான் கிடக்கிறது. மூடி நசுங்கியதால் திறக்க வரவில்லை, உள்ளே அன்றைய தேநீர் இன்னும் தளும்புகிறது.