கோட்டை அவளுடையது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. போனில் பேசினால் நீ "சரிப்பா, வைக்கிறேன்பா" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் வைக்க உனக்கு மனம் வராது என்று ஒரு நம்பிக்கை.

ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார் எதைச் சொல்ல வந்தாலும் ஏதாவது ஒரு வருடத்தில்தான் தொடங்குவான். இது 1077, ஜனவரி.

அந்தப் பாடத்தை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. ஜெர்மானிய மன்னன் நான்காம் ஹென்றி, போப் ஏழாம் கிரெகரியிடம் மன்னிப்புக் கேட்டுக் கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் பனியில் வெறுங்காலோடு நின்றான். ராஜா செருப்பில்லாமல் நிற்கிறான் என்றதும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். ஆனால் அந்தக் கோட்டை யாருடையது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கோட்டை மத்தில்டாவுடையது. வட இத்தாலியில் அப்பெனைன் மலைச்சரிவில், வெண்பாறை ஒன்றின் உச்சியில் இருந்தது. டஸ்கனி, மாந்துவா, மோதனா, ரெஜ்ஜோ என்று ஜெர்மனியிலிருந்து ரோமுக்குப் போகிற வழியெல்லாம் அவள் ஆட்சியில். அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா வேட்டைக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டார். கூடப் பிறந்தவர்களும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். 1055இல் ஹென்றியின் அப்பா, பேரரசர் மூன்றாம் ஹென்றி, தாயையும் மகளையும் பிடித்து ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். அவர் இறந்த பிறகுதான் விடுதலை. பிறகு கல்யாணம், பிறந்த ஒரே பெண் குழந்தையும் தங்கவில்லை, கணவனை விட்டு இத்தாலிக்கே திரும்பிவிட்டாள். 1076 பிப்ரவரியில் அந்தக் கணவன் கொலையானான், ஏப்ரலில் அம்மா இறந்தாள். முப்பது வயதில் அத்தனை நிலத்துக்கும் தனி ஒருத்தியாக நின்றாள்.

சண்டை என்ன? ஆயர்களை, அதாவது பிஷப்புகளை, நியமிப்பது யார் என்பது. அன்றைய ஆயர் வெறும் சாமியார் இல்லை. நிலம், வரி, படை எல்லாம் வைத்திருந்தவர். அவர் கையில் மோதிரமும் கோலும் கொடுப்பது அரசனா, போப்பா? 1076 ஜனவரியில் ஹென்றி, "பதவியை விட்டு இறங்கு" என்று போப்புக்கு எழுதினான். அடுத்த மாதமே போப் அவனைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவனுக்குச் செய்த சத்தியம் இனிச் செல்லாது என்று அறிவித்துவிட்டார். இதற்காகவே காத்திருந்த ஜெர்மானியப் பிரபுக்கள், ஒரு வருடத்துக்குள் விலக்கை நீக்கிக்கொள், இல்லாவிட்டால் வேறு அரசன் என்றார்கள்.

அப்புறம்தான் அந்தக் குளிர்காலப் பயணம். மனைவியையும் சின்னஞ்சிறு மகனையும் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸைக் கடந்தான். பனி உறைந்த சரிவில் நடக்க முடியாமல், பெண்களை மாட்டுத்தோலில் உட்காரவைத்து இழுத்து இறக்கினார்கள் என்று லாம்பர்ட் என்ற துறவி எழுதியிருக்கிறார். ஜெர்மனிக்குப் புறப்பட்டிருந்த போப், ஹென்றி படையோடு வருகிறானோ என்று பயந்து, வழித்துணையாக வந்த மத்தில்டாவின் கோட்டைக்குள் போய்விட்டார். இவனோ கம்பளி அங்கியோடு வாசலில் வந்து நின்றான்.

உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று பார். ஹென்றியின் ஞானத்தந்தையான குளூனி மடாதிபதி ஹியூ, அவனுடைய மாமியார் அடெலெய்ட், தன் தாய்வழியில் அவனுக்கு அக்கா முறையான மத்தில்டா. வீடு நிறைய உறவு, வாசலில் ஒருவன். கிரெகரியே ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார்: கூட இருந்தவர்கள் அழுது கெஞ்சினார்கள், சிலர் இது அப்போஸ்தலருக்குரிய கண்டிப்பு இல்லை, கொடுங்கோலனின் கல்நெஞ்சம் என்றே கத்தினார்கள் என்கிறார்.

போன மாதம் அந்த வரியைத் திரும்பப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசம் ஞாபகம் வந்தது. உன் அண்ணன் கீழே கேட்டருகே நின்றான். மூன்று நாள் இல்லை, முக்கால் மணி நேரம். பனி இல்லை, சித்திரை வெயில். நான் மாடி அறையில் படித்து முடித்த பேப்பரையே மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். முதலில் உன் அம்மா வந்தாள், பிறகு மாப்பிள்ளை வந்தார். கடைசியில் நீ வந்தாய். ஒன்றும் பேசவில்லை. பாயச டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நின்றாய். கை நடுங்கியதால் டம்ளர் ஓரத்தில் வழிந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுந்தேன், நியாயத்தைப் பார்த்து அல்ல.

கனோசாவிலும் கதவு திறந்தது. விலக்கு நீங்கியது. ஆனால் மூன்று வருடம்தான் தாங்கியது. 1080இல் போப் மறுபடி விலக்கினார். ஹென்றி தனக்கென்று வேறொரு போப்பை நிறுத்தினான். இதற்கெல்லாம் யார் தலை உருண்டது என்கிறாய்? 1081இல் ராஜத்துரோகி என்று மத்தில்டாவின் பதவிகளைப் பறித்தான். அடுத்த வருடம் கனோசா தேவாலயத்துப் பொக்கிஷத்தை உருக்கி 700 இராத்தல் வெள்ளியைப் போப்புக்கு அனுப்பினாள். 1084இல் ரோம் விழுந்தது. மறு வருடம் கிரெகரி சலெர்னோவில் ஊர் இழந்து இறந்தார். அவர் போன பிறகும் அவள் விடவில்லை. 1092இல் ஹென்றி கனோசாவையே முற்றுகையிட வந்து தோற்று ஓடினான். மன்னிப்புக் கேட்டு நின்ற அதே மலையடிவாரம்! அவனுடைய கொடியைக் கொண்டுபோய்க் கோட்டைத் தேவாலயத்தில் தொங்கவிட்டாள்.

அவள் நடுநிலை வகித்தாள் என்று சொல்ல வரவில்லை. அவள் போப் பக்கம், ஊருக்கே தெரியும். நீ யார் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் உன் அண்ணனோடு எனக்கிருந்த வயல் விவகாரம் மறுபடி கிளம்பியதும், "அவனுக்கு நீதான் இடம் கொடுக்கிறாய்" என்று நான் சொன்னேன். "அப்பாவுக்கு நீதான் தூபம் போடுகிறாய்" என்று அவன் சொன்னானாம். அம்மா சொன்னாள். எங்கள் இருவருக்கும் சோறு போட்ட வீட்டில் இப்போது யாருமே சாப்பிட வருவதில்லை.

டொனிசோ என்ற கனோசா மடத்துத் துறவி அவள் வரலாற்றைப் பாட்டாக எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதியில் ஒரு படம். மத்தில்டா ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், மடாதிபதி ஒரு பக்கம். ஹென்றி மண்டியிட்டு, எனக்காகப் பேசுங்கள் என்று கேட்கிறான். படத்தில் போப்பே இல்லை. ஐந்நூறு வருடம் கழித்து வேறொரு போப் அவள் உடலை ரோமுக்குக் கொண்டுபோனார். புனித பேதுரு பேராலயத்தில் அவளுக்குக் கல்லறை. அதில் செதுக்கியிருப்பதோ, ஹென்றி போப்பின் காலடியில் மண்டியிடும் காட்சி. அவள் கல்லறையிலும் அவர்கள் கதைதான்! நான் நடத்திய பாடமும் அந்தக் கல்லறை மாதிரிதான் இருந்திருக்கிறது.

சாசனங்களில் அவள் ஒரு சிலுவை போட்டு, அதன் நான்கு மூலையிலும் எழுத்துகளைப் பிரித்துக் கையெழுத்திடுவாள். "மத்தில்டா, கடவுள் அருளால், அவள் ஏதாவது ஒன்றாக இருந்தால்." பணிவு என்கிறார்கள் அறிஞர்கள். எனக்கென்னவோ, இரண்டு பெரியவர்களுக்கு நடுவே ஆயுள் முழுக்க நின்ற பெண்ணின் களைப்பும் அதில் கேட்கிறது. அவள் 1115இல் போய்ச் சேர்ந்தாள். அந்த ஆயர் சண்டையில் அப்போதைய போப்பும் பேரரசரும் வோர்ம்ஸ் நகரில் ஒப்பந்தத்துக்கு வந்தது 1122இல்.

வயலை என்ன செய்வது என்று அவனிடம் நானே பேசுகிறேன். நீ ஒன்றும் சொல்லிவைக்க வேண்டாம், அம்மாவிடமும் சொல்லாதே. அவன் எண் மாறிவிட்டது என்றாயே, அதை மட்டும் எழுதி அனுப்பு. சனிக்கிழமை காலை அவன் வீட்டில் இருப்பான் அல்லவா?

அன்புடன்,
அப்பா