எல்லையோர வங்கிக் கிளை மேலாளர்களுக்கு: எச்சரிக்கையைத் தமிழிலும் சொல்லுங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், சித்தூர் வட்டத்து ஊர்களில் பணியாற்றும் வங்கிக் கிளை மேலாளர்களுக்கு,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

சென்ற மாதம் ஒரு நாள் பிற்பகலில் என் அத்தையின் கணக்கிலிருந்து 38,500 ரூபாய் போயிற்று. இரண்டு மாடுகளை வைத்துப் பால் ஊற்றிச் சேர்த்த பணம். அழைத்தவன் வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாகவும், கேஒய்சி எனும் வாடிக்கையாளர் அடையாள விவரங்களைப் புதுப்பிக்காததால் அன்று மாலைக்குள் கணக்கு முடங்கிவிடும் என்றும் சொல்லியிருக்கிறான். கோவைப் பக்கத்துத் தமிழ், மரியாதையான தமிழ். ஓடிபி வந்ததும் அத்தை, "சாமி, எனக்கு இங்கிலீசு தெரியாது, இதுல என்ன போட்டிருக்குது?" என்று அவனிடமே கேட்டிருக்கிறார். "கணக்கு சரியாயிடுச்சுன்னு போட்டிருக்குதுங்கம்மா, அந்த ஆறு நம்பரை மட்டும் படிங்க" என்றானாம். எவரிடமும் சொல்லாதீர்கள் என்பதும் அதே செய்தியில்தான் இருந்தது, ஆங்கிலத்தில். அத்தைக்கு எண் படிக்கத் தெரியும். ஆகவே அந்தச் செய்தியில் அவரால் படிக்க முடிந்தது, வெளியே சொல்லக் கூடாத அந்த ஒன்றை மட்டுமே.

மறுநாள் காலை பாஸ்புக்கோடு கிளைக்குப் போனார். எந்தக் கிளை என்று எழுதப் போவதில்லை. புகாரை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். எழுதித்தர ஆள் தேடியதில் அன்றைய பொழுது கழிந்தது. காவல் நிலையத்தில், அழைத்த எண் தமிழ்நாட்டு எண் என்பதால் அங்கே போய்ப் புகார் கொடுக்கும்படி சொன்னார்கள். இணையப் பண மோசடியைத் தெரிவிப்பதற்கான 1930 என்ற உதவி எண்ணை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நான் வந்துதான் அழைத்தேன். அங்கே புகார் பதிவானால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் சென்று, இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கும் தொகை நிறுத்திவைக்கப்படும். வாடகைக்குப் பிடித்த கணக்குகள் வழியே பணத்தைக் கைமாற்றி எடுப்பவர்களுக்கு மூன்று நாள் என்பது மிக நீண்ட காலம்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அதன்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த கோளாறால் பணம் போனால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு ஏதும் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் ஒரு வரம்புவரை அவரும் சுமக்க வேண்டும். ரகசிய எண்ணைத் தாமே சொன்னவருக்கு, வங்கியிடம் தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு முழுதும் அவருடையது. அத்தை இந்த மூன்றாம் வகையில் வருகிறார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்வதற்கு முன், அவருக்குத் தந்த எச்சரிக்கை அவருக்குப் புரிந்திருக்க வேண்டாமா? கிளையின் அறிவிப்புகள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்ற விதிக்கு இங்கே மலையாளம் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. வீதியிலும் சந்தையிலும் தமிழே பேசும் இந்த ஊர்களில், எங்கள் மொழி தெரிந்து எங்களிடம் வருபவன் மோசடிக்காரன் ஒருவனாகவே இருக்கிறான். (காவல் துறையினர் இதைப் படிப்பார்களானால்: 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை, அது கொண்டுவரப்பட்ட காவல் நிலையத்திலேயே பதிந்தாக வேண்டும்.)

ஓடிபியே கேட்காத வழி ஒன்றும் இருக்கிறது. ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால், வங்கி முகவரின் கைக்கருவியில் பணம் எடுத்துவிடலாம். ஆதார் நகலைக் கேட்ட இடமெல்லாம் கொடுத்துப் பழகியவர்கள் நாங்கள். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் உண்டு என்பதும், ஆதாருக்கான அரசுச் செயலியில் கைரேகையைப் பூட்டிவைக்கலாம் என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது. ஆனால் பூட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, திறக்கச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், அடுத்த வாரம் ரேஷன் கடையில் விரல் பதியாமல் வெறும் பையோடு திரும்புவார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்கு, ஓய்வூதியத்துக்காக வயதானவர்கள் வரிசையில் நிற்கும் மாதத் தொடக்க நாட்களைவிடப் பொருத்தமான வேளை கிடைக்காது.

நான் கேட்பவை பெரிய செலவுக்குரியவை அல்ல. காசாளர் கூண்டுக்கு அருகே 1930 என்ற எண்ணைத் தமிழ் விளக்கத்தோடு பெரிதாக எழுதி வையுங்கள். தமிழில் எழுதிய புகாரை வாங்கிக்கொண்டு, நேரம் குறித்த ஒப்புகைச் சீட்டைக் கையில் கொடுங்கள். ஓடிபி செய்தியை வாடிக்கையாளர் கேட்கும் மொழியில் அனுப்பத் தலைமையிடத்துக்குப் பரிந்துரை செய்யுங்கள். எல்லா அரசியல் சட்ட உரிமைகளையும் இங்கே இழுக்க விரும்பவில்லை. பணத்தைப் பறிகொடுத்தவர் தம் மொழியில் முறையிட முடிய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அறிவிப்பின் வாசகத்தைக் கட்டணமின்றி எழுதித்தருகிறேன். முதல் வரி இப்போதே ஆயத்தமாக இருக்கிறது: "ஓடிபி எண்ணைக் கேட்பவர் வங்கிக்காரர் அல்லர், பேச்சை நிறுத்திப் போனை வையுங்கள்."

இங்ஙனம்,
தங்கள் கிளைகளுள் ஒன்றின் வாடிக்கையாளர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.