கால் பங்கு கொள்கை

ஆசிரியருக்கு,

இயற்கை விவசாயம் என்று பேச்செடுத்தாலே எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு கட்சி. ஒன்று நம்மாழ்வார் கட்சி, மற்றது யூரியா கட்சி. நான் இரண்டிலும் சேராதவன். என் 12 மா (சுமார் 4 ஏக்கர்) நிலத்தில் 3 மாவில் மட்டும் மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல், ரசாயன உரம் மருந்து எதுவும் இல்லாமல். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கார்த்திகை மழையில் பாதி சாய்ந்துவிடும். விளைச்சலும் பாதிதான். மீதி 9 மாவில் சி.ஆர். 1009 என்ற நவீன நெல் ரகம், அடியுரம், மேலுரம் எல்லாம் உண்டு. நகைக்கடனையும் மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் அடைப்பது அந்த நெல்தான்.

“அப்போ உங்க கொள்கை கால் பங்குதானாப்பா?” என்றாள் மகள். ஆமாம், கால் பங்குதான். 2023-இல் மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி சரியாகத் திறந்தும், பிறகு தண்ணீர் போதாமல் டெல்டாவில் பல இடங்களில் குறுவை நெல் காய்ந்தது. அதைப் பார்த்தவனுக்கு முழு நிலத்தையும் ஒரே நம்பிக்கையில் வைக்கத் துணிவில்லை. அந்த 3 மாவை விடவும் மனமில்லை. (வீட்டுச் சோறு அதில்தான், ருசி கண்ட நாக்கு!)

அடுத்த சம்பா பருவத்துக்கு அதை 4 மா ஆக்கலாமா என்று யோசிக்கிறேன். மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.

– ஒரு விவசாயி,
நீடாமங்கலம்.