படத்தில் இருப்பது டூரிங் அல்ல, ஜகாட்டோ

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் இத்தாலியின் லான்சியா ஃபிளமீனியா கார் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். முதல் படத்தின் கீழே ‘டூரிங் நிறுவனத்தின் கூப்பே’ (இரண்டு கதவுக் கார்) என்று போட்டிருக்கிறீர்கள். டூரிங், ஜகாட்டோ இரண்டும் லான்சியாவுக்குப் பாடி கட்டிய வேறு வேறு நிறுவனங்கள். படத்தில் இருப்பது ஜகாட்டோ கட்டிய கார். கூரையைப் பாருங்கள், ஓட்டுபவர் தலைக்கு மேல் ஒன்று, பக்கத்தில் இருப்பவர் தலைக்கு மேல் ஒன்று என இரண்டு மேடுகள் தெரியும். கூரையும் தாழ வேண்டும், தலையும் இடிக்கக் கூடாது என்பதற்கு ஜகாட்டோ கண்ட வழி அது. டூரிங் காரில் அந்த மேடுகள் கிடையாது. முகப்பில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு விளக்குகள் இருக்கும்.

படக்குறிப்பில் தவறு யாருக்கும் நேரும். என் மனக்குறை வேறு. ‘ஃபிளமீனியா கூப்பே’ என்று ஒரே கார் இருந்ததுபோலக் கட்டுரை பேசுகிறது. 1957-இல் வந்த நான்கு கதவு செடானுக்கு முன், பின் சக்கரங்களின் இடைவெளி 2,870 மி.மீ. அதை 2,750 ஆக்கி, நால்வர் உட்காரும் கூப்பேயைக் கட்டியது பினின்ஃபரினா என்ற இன்னொரு பாடி கட்டும் நிறுவனம். டூரிங், ஜகாட்டோ கார்களுக்கு அது 2,520 ஆகச் சுருங்கியது, பின்னிருக்கை போயிற்று. பிறகு 80 மி.மீ. நீட்டி, பின்னால் சிறு இருக்கையோடு ஜி.டி.எல். என்ற காரையும் டூரிங் கட்டியது. முன்னால் வி-6 இன்ஜின், பின்னச்சோடு சேர்ந்த கிளட்சும் கியர்பாக்ஸும் எல்லாவற்றுக்கும் பொது.

டூரிங் நிறுவனம் பாடி கட்டும் முறையின் பெயரான ‘சூப்பர்லெஜேரா’வை ‘மிக இலேசானது’ என்று மொழிபெயர்த்ததோடு கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். முப்பது ஆண்டுகள் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகடு அடித்த எனக்கு அங்கேதான் கை அரித்தது. மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, காரின் உருவத்தில் ஒரு கூடு செய்வார்கள். அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். எடை குறைவதும் அதனால்தான், பின்னாளில் தலைவலி வருவதும் அதனால்தான். அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் இறங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். எங்கள் பட்டறையில் துருத்தடுப்புப் பூச்சான ரெட் ஆக்சைடு பூசாமல் தகடு பொருத்தியவனை மேஸ்திரி சும்மா விடமாட்டார். டூரிங் காரை வாங்க நினைப்பவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால், கதவின் அடியிலும் சக்கர வளைவுகளிலும் பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

பினின்ஃபரினா கூப்பே 5,000-க்கு மேல் தயாரானதாலோ என்னவோ அதைச் சேகரிப்பாளர்கள் சற்று இளக்காரமாகப் பார்க்கிறார்கள். உங்கள் கட்டுரையிலும் அந்த வாடை அடித்தது. எனக்கு டூரிங் காரைத்தான் பிடிக்கும். ஆனாலும் நால்வரோடு நெடுந்தூரம் போகச் சொன்னால் பினின்ஃபரினாவின் சாவியைத்தான் கேட்பேன்.

திருத்தம் வெளியிடும்போது மூன்று கார்களையும் பக்கவாட்டில் எடுத்த படங்களாக, ஒரே அளவில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
கரூர்.