சிறு டிராக்டரின் ஹைட்ராலிக் ஃபில்டர்: நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி ஓட்டுவது சிக்கனம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு டிராக்டர் வாங்குவதற்கான மானியத்தைப் பற்றியும் விண்ணப்பிக்கும் முறையைப் பற்றியும் நாளிதழ்களின் வேளாண் பக்கங்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. வாங்கிய டிராக்டரைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்வது பற்றி அந்த அளவுக்கு எழுதப்படுவதில்லை. குறிப்பாக, கருவிகளைத் தூக்கும் எண்ணெயை வடிகட்டும் ஹைட்ராலிக் ஃபில்டர் அடிபட்டால் அதை உடனே கழற்றிப் புதியது மாட்ட வேண்டும் என்ற எளிய செய்தி எங்கள் பகுதி விவசாயிகள் பலரிடம் இன்னும் போய்ச் சேரவில்லை. அதற்கு விவசாயிகளை மட்டும் குறை சொல்ல முடியாது என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் 20 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டிராக்டர்களின் தேவை ஒரு தனி வகையானது. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை இங்கு பந்தலில் விளைகிறது. அந்தப் பந்தலுக்கு அடியில் பெரிய டிராக்டர் நுழையாது. வாழைத் தோட்டத்தில் வரிசைகளுக்கு இடையே உழுவதற்கும் அகலம் குறைந்த வண்டிதான் தோதாக இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பியுள்ள 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களில் தொழி உழவு, அதாவது தண்ணீர் நிறுத்திச் சேறாக்கும் உழவு தொடங்கியதும், தோட்டத்தில் ஓடிய அதே வண்டி கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குகிறது. ஆக, ஆண்டு முழுவதும் மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையான ரொட்டவேட்டரையும் கலப்பையையும் மருந்து தெளிப்பானையும் தூக்கி இறக்கும் வேலை அதற்கு ஓய்வதில்லை.

இந்தத் தூக்கும் வேலையைச் செய்வது எண்ணெய். பெரும்பாலான சிறு டிராக்டர்களில் கியர் பெட்டியின் உட்பகுதியே ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டியாகவும் இருக்கிறது. கியர்களுக்கு வழவழப்புத் தருவது, எண்ணெயில் மூழ்கிய பிரேக்குகளைக் குளிர்விப்பது, பின்னால் மாட்டிய கருவிகளை ஏற்றி இறக்கும் லிஃப்டை இயக்குவது ஆகிய மூன்றையும் ஒரே எண்ணெய் செய்கிறது. கியர் பற்கள் உரசுவதால் வரும் இரும்புத் துகளும், பிரேக் தகடுகள் தேய்ந்து வரும் தூளும் அந்த எண்ணெயில்தான் கலக்கின்றன. அதே எண்ணெயைப் பம்பு இழுத்து, பல மாதிரிகளில் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு அளவுக்கு அழுத்தமேற்றி லிஃப்டுக்கு அனுப்புகிறது. பம்புக்குள் சுழலும் பற்களுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத தூசுகூடப் பம்பைத் தேய்த்துவிடும் என்பது விளங்கும். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே நின்று அதைத் தடுப்பது ஃபில்டர் ஒன்றுதான்.

பல மாதிரிகளில் இந்த ஃபில்டர் வண்டியின் அடிவயிற்றுப் பக்கம் வெளியே தெரியும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. வண்டியே தாழ்வானது. வெட்டிப் போட்ட வாழைக் கட்டை, பந்தலில் உடைந்து விழுந்த கல்தூணின் துண்டு, வரப்பு ஏறி இறங்கும்போது எதிர்ப்படும் கல் ஆகியவற்றில் எது பட்டாலும் மெல்லிய தகட்டாலான அதன் உறை நசுங்கிவிடும். நசுங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். தகட்டைத் தட்டி நிமிர்த்துகிறார்கள். கசிகிற இடத்தில் பசை தடவுகிறார்கள். காகித வடிப்பானை டீசலில் அலசிக் காற்றடித்து மறுபடியும் மாட்டுகிறார்கள். உள்ளே வலை மட்டும் இருக்கும் மாதிரியில், கிழிந்த வலையை எடுத்துவிட்டு வெறும் குழாயாகவே ஓட்டச் சொல்பவர்களும் உண்டு. "லிஃப்ட் தூக்குதுல்ல, பிறகென்ன?" என்பதுதான் அங்கே கேட்கும் கேள்வி.

லிஃப்ட் தூக்கும் என்பது உண்மைதான். சில காலம் வரை தூக்கும். ஆனால் கியர் பம்பு எண்ணெயைத் தள்ளுவதில் வலுவானதே தவிர, இழுப்பதில் வலுவானதன்று. தொட்டியில் உள்ள எண்ணெயைப் பம்பு வரை கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் வளிமண்டல அழுத்தம்தான். ஆகவே பம்பு எண்ணெயை இழுக்கும் இழுவைப் பக்கத்தில் உள்ள ஃபில்டர் நசுங்கியோ அடைத்தோ போனால் பம்புக்குப் போதிய எண்ணெய் வராது. எண்ணெயில் ஆவிக் குமிழிகள் உண்டாகி, அழுத்தம் உள்ள பக்கம் போனதும் அவை நொறுங்கி, உலோகத்தில் சிறு சிறு குழிகளை உண்டாக்கும். காலையில் எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கும் நேரத்தில் வண்டியைக் கிளப்பியதும் வரும் கீச்சொலி பெரும்பாலும் இதன் அறிகுறியே. அந்த ஒலியை வண்டியின் வயதுக்குரிய குணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஃபில்டரில் விரிசலோ அதன் ரப்பர் வளையத்தில் வெட்டோ இருந்தால் நிலைமை இன்னும் ஏமாற்றுவதாக இருக்கும். இழுவைப் பக்கம் என்பதால் இன்ஜின் ஓடும்போது அந்த விரிசல் வழியாக எண்ணெய் வெளியே வராது; மாறாகக் காற்று உள்ளே போகும். வெளியில் சொட்டு எண்ணெய்கூடத் தெரியாததால் கசிவு நின்றுவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, உள்ளே எண்ணெய் நுரைத்து, லிஃப்ட் விட்டுவிட்டு உயர்ந்து, ரொட்டவேட்டர் நடுங்கிக்கொண்டே மேலே வரும். வண்டியை நிறுத்தி வைத்த இரவில் மட்டும் தரையில் எண்ணெய் சொட்டியிருந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் ஃபில்டரும் அதன் வளையமும்தான்.

மாற்றும் வேலை கடினமானதன்று. ஆனால் முறை தவறக் கூடாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கருவியை முழுவதும் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிட வேண்டும். தூக்கி நிற்கும் ரொட்டவேட்டரின் அடியில் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிப் படுத்து வேலை செய்வது உயிரோடு விளையாடுவதாகும். எண்ணெய் சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். ஃபில்டரைத் தொடுவதற்கு முன் அதைச் சுற்றியுள்ள சேற்றையும் புல்லையும் துடைத்துச் சுத்தம் செய்வது மிக முக்கியம்; அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அந்த மண்ணில் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் புது ஃபில்டர் மாட்டியதன் பயன் போய்விடும். ஃபில்டர் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே உள்ள மாதிரிகளில், கழற்றியதும் எண்ணெய் கொட்டும் என்பதால் முன்னதாகவே அதைத் தூய பாத்திரத்தில் வடித்துவிட வேண்டும்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் வண்டியில் ஃபில்டர் பொருந்தும் முகப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பழைய வளையத்தின் மேல் புது வளையம் உட்கார்ந்தால் அது ஒருபோதும் இறுகாது. புது வளையத்தில் தூய எண்ணெயைச் சிறிது தடவிக் கையால் திருக வேண்டும். வளையம் முகப்பைத் தொட்ட பிறகு, உறையில் அச்சிட்டுள்ளபடி பெரும்பாலும் முக்கால் சுற்றுத் திருகினால் போதும். சங்கிலி ஸ்பேனர் போட்டு முறுக்குவதால்தான் பல புது ஃபில்டர்கள் மாட்டும்போதே நசுங்குகின்றன. பிறகு குறியீடு வரை எண்ணெய் ஊற்றி, இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, சுமையில்லாமல் லிஃப்டைப் பலமுறை ஏற்றி இறக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அணைத்துச் சற்றுப் பொறுத்து எண்ணெய் மட்டத்தை மறுபடியும் பார்க்க வேண்டும். கசிவு இருக்கிறதா என்று அழுத்தக் குழாய்களின் மேல் கையை வைத்துப் பார்ப்பதை அறவே விட்டுவிட வேண்டும். ஊசித் துளை வழியாகப் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே சரியான வழி.

கழற்றிய ஃபில்டரை உடனே தூக்கி எறியாமல் அறுத்துப் பார்ப்பது நல்லது. மடிப்புகளில் சாம்பல் நிறப் பசையாக மெல்லிய தூள் படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் அளவுக்கு இரும்புச் சில்லுகள் இருந்தால் கியரிலோ பேரிங்கிலோ பழுது தொடங்கியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டு வயலுக்குப் போகக் கூடாது. வடித்த எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தொழி உழவின்போது தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது எண்ணெய் முழுவதையும் மாற்றுவதோடு, தண்ணீர் எந்த சீல் வழியாக வந்தது, கியர் பெட்டிக்குள் காற்று போய்வரும் காற்றுப்போக்கியின் மூடி சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வடித்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றும் வழக்கத்தையும் நாம் விட்டாக வேண்டும். அதே வாய்க்கால் தண்ணீர்தான் அடுத்தவர் வயலுக்குப் போகிறது.

இவ்வளவும் தெரிந்த விவசாயியும் ஓரிடத்தில் தோற்றுப்போகிறார்: சரியான ஃபில்டர் கிடைப்பதில்லை. வண்டி விற்ற நிலையத்தில் கேட்டால் இருப்பு இல்லை, வரவழைக்க நாளாகும் என்கிறார்கள். தொழி உழவுக் காலத்தில் வண்டி நாள்கணக்கில் நின்றால் முறை வைத்து வரும் தண்ணீர் தவறிவிடும். வாடகைக்கு ஓட்டுபவருக்கு அந்தப் போகத்தின் வருமானமே போய்விடும். வேறு வழியில்லாமல் அவர் வெளிக்கடையில் திருகு அளவு ஒத்துப்போகும் ஏதோ ஒரு ஃபில்டரை வாங்குகிறார். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இன்ஜின் ஆயில் ஃபில்டரும் ஹைட்ராலிக் ஃபில்டரும் ஒன்றல்ல. எண்ணெய் செல்லும் அளவும், வடிகட்டும் நுண்மையும், அடைத்தால் திறந்துகொள்ளும் வால்வின் அமைப்பும் வேறு வேறு. திருகு பொருந்துவதால் மட்டும் அது அந்த வேலைக்கு உரியதாகிவிடாது. தட்டி நிமிர்த்திய தகட்டுக்கும், பொருந்தாத ஃபில்டருக்கும் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தத் தட்டுப்பாடுதான். விவசாயியின் அலட்சியம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது நியாயமன்று.

2014-15ஆம் ஆண்டில் தொடங்கிய, மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மூலம் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியின விவசாயிகளுக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு 50 விழுக்காடு வரையும், மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரையும் மானியம் தரப்படுகிறது. இவ்வளவு பொதுப்பணம் சேர்ந்து வாங்கப்படும் வண்டி, விலையில் மிகச் சிறியதான ஓர் உதிரிப்பாகம் கிடைக்காததால் பம்பு தேய்ந்து நிற்பதை அரசு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மானியப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஹைட்ராலிக் ஃபில்டர், அதன் வளையங்கள், எண்ணெய் ஆகியவற்றை அந்தந்த வட்டத்திலேயே இருப்பு வைக்க வேண்டும் என்று விற்பனையாளருக்கு வேளாண்மைப் பொறியியல் துறை நிபந்தனை விதிக்கலாம். வண்டியோடு தரப்படும் கையேடு தமிழில் இருக்க வேண்டும். ஃபில்டரின் பாக எண்ணும், எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் மட்கார்டிலேயே அழியாத எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. பல மாதிரிகளில் புது வண்டியின் முதல் 50 மணி நேரத்திலேயே ஃபில்டரை மாற்ற வேண்டும். இதை விற்கும்போது வாயால் சொல்வதற்குக்கூட ஆளில்லாத நிலையங்கள் இருக்கின்றன.

கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் முதல் தேதி பெரியாறு அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படுகிறது. அதற்கு முன், மே மாதத்திலேயே, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களில் பொறியியல் துறையினர் ஒரு நாள் பராமரிப்பு முகாம் நடத்தி, ஃபில்டரைக் கழற்றி மாட்டும் முறையை உழவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் தம் கைகளாலேயே செய்து பழக ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும், அந்த முகாமுக்கு விற்பனையாளர்கள் போதிய ஃபில்டர்களோடு வருவதை மாவட்ட நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும் என்றும் தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறு டிராக்டர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர்,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.