கை பழசு, மலைதான் புதுசு

அட்டன், இலங்கை
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

டெக்சாஸிலிருந்து நீ அனுப்பிய கொந்தரப்புத் தாளை, அதாவது தற்காலிக நர்ஸ் வேலைக்கான ஒப்பந்தத்தை, இரண்டு தரம் வாசித்தேன். 13 கிழமை, கிழமைக்கு 36 மணித்தியாலம், மூன்று பகல் டியூட்டி, கலிபோர்னியா. "இத்தனை வருசம் வார்டில் நின்றும் வயிற்றைக் கலக்குதம்மா" என்று நேற்று சொன்னாய். போனில் பேசினால் பாதி கண்ணீரிலேயே போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

புது மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களை நினைத்துப் பார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே முறியும் என்று விரலுக்குத் தெரியும், அதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தண்ணீர்க் கான் எங்கே ஓடுகிறது, எந்தக் கல் அசையும், எந்த மரத்தில் குளவிக்கூடு தொங்குகிறது என்பதுதான் தெரியாது. அதனால் அனுபவக்காரி நிரை பிடித்த உடனே குனியமாட்டாள். நிமிர்ந்து நின்று ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் கூடைக் கயிற்றைத் தலையில் சரி செய்வாள். உன் பயமும் இந்த வகைதான் மகளே. பிரஷர் இறங்கினால் கலிபோர்னியாக்காரனுக்கும் கை ஜில்லென்று வேர்க்கும், மூத்திரம் குறையும். அது உனக்குத் தெரியும். கோளாறு என்னவென்றால், "இடம் தெரியாது" என்ற பயத்தை மனம் "எனக்கு வேலையே தெரியாது" என்று திருப்பிக் காட்டிவிடும்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடு. இடப்பக்கம், செய்யத் தெரியாத வேலைகள். வலப்பக்கம், எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது, எப்படித் திறப்பது என்று தெரியாதவை. எல்லாப் பயத்தையும் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுது. இடப்பக்கம் இரண்டு மூன்று வரி வந்தால் அதிகம். அவற்றை இந்தக் கிழமை படித்துக்கொள்ளலாம். வலப்பக்கம் நிரம்பும். அதுதான் உன் முதல் நாள் வேலைத் தாள்.

இனி கொந்தரப்பு. தோட்டத்தில் அரைப்பேர், பாதி நாள் சம்பளம், என்றால் என்ன என்று நம் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் உண்டு. நோயாளிகள் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் கொந்தரப்பு நர்ஸ்தான். 36 மணித்தியாலத்துக்கு உத்தரவாதம் என்று உன் தாளில் எழுதியிருக்கிறதா, இல்லை ஒவ்வொரு சம்பளத் தவணைக்கும் ஒரு டியூட்டியைக் காசில்லாமல் இரத்துச் செய்யலாம் என்று இருக்கிறதா? நான் பார்த்த பக்கங்களில் அந்த வரியைக் காணவில்லை. உன் ஏஜென்சிக்காரரிடம் கேள், பதிலை மெயிலில் வாங்கு. எந்தெந்த வார்டுக்கு மாற்றி அனுப்பலாம் என்பதும் பெயர் பெயராக இருக்க வேண்டும். "தேவைப்படும் இடத்துக்கு" என்று மட்டும் இருந்தால் அது வாசல் கதவைத் திறந்து போட்ட மாதிரி. வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. வீட்டு வாடகைக்கான படிக்காசை வரியில்லாமல் வாங்குகிறாய் என்றால் டெக்சாஸ் வீட்டை உண்மையாகவே வைத்திருந்து அதற்கும் வாடகை கட்ட வேண்டும், ரசீதுகளை எறிந்துவிடாதே.

டெக்சாஸ் லைசன்ஸ் செல்லும் கூட்டு மாநிலங்களில் கலிபோர்னியா இல்லை என்பதால் தனியாக எடுத்தாய், நல்லது. அதில் உன் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார். அப்பாவின் பெயர் முன்னே வருவதும் பின்னே வருவதும் நம் ஆட்களுக்கு எப்போதும் தலையிடி. பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்ற உயிர்காப்புப் பயிற்சிக் கார்டுகள் 2 வருடத்துக்குத்தான். 13 கிழமைக்கு நடுவில் முடியுமானால் இப்போதே புதுப்பித்துவிடு. காசநோய்ச் சோதனை, ஹெப்படைட்டிஸ் பி, அம்மை ஊசி விபரம் எல்லாம் போனிலும் வேண்டும், கடதாசியிலும் வேண்டும்.

அந்த மாநிலத்தில் உனக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதை அங்கே சட்டமே சொல்கிறது. 1999இல் சட்டமாகி, 2004இல் நடைமுறைக்கு வந்தது. பொது மருத்துவ, சத்திர சிகிச்சை வார்டுகளுக்கு 2005 முதல் ஒருவருக்கு ஐந்து பேர். நீ சாப்பிடப் போகும் அரை மணித்தியாலத்துக்கும் அந்தக் கணக்கு மாறாது, உன் ஐந்து பேரைப் பொறுப்பேற்க ஒருவர் வர வேண்டும். அதனால் சாப்பாட்டைத் தியாகம் செய்யாதே. பசித்த வயிற்றில் மருந்துக் கணக்குத் தப்பும்.

இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய்விடு. டியூட்டிக்குப் போகும் அதே நேரத்தில் ஒரு தரம் ஓட்டிப் பார், ஞாயிற்றுக்கிழமை பார்த்த பாதை திங்கட்கிழமை காலையில் வேறு பாதை. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து வார்டு வரைக்கும் நடக்கவே கால் மணித்தியாலம் போகும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

முதல் நாள் எது பிழையாகப் போகும் என்று கேட்டாயே. பெரும்பாலும் பாஸ்வேர்ட். கொம்பியூட்டர் திறக்கும், மருந்து அலுமாரி திறக்காது. அது திறந்தால் இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷின் உன் நம்பரை ஏற்காது. டியூட்டி தொடங்க முன்னமே நான்கையும் சோதித்துவிடு: நோயாளி விபரம் எழுதும் கொம்பியூட்டர், மருந்து அலுமாரி, சீனி மெஷின், கதவு கார்ட். ஒன்று வேலை செய்யாவிட்டாலும், அந்த டியூட்டிக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸிடம் அப்போதே சொல். இன்னொருவரின் பெயரில் மருந்து எடுக்காதே. எவ்வளவு அவசரம் என்றாலும், எவ்வளவு நல்ல பிள்ளை தன் விரலை வைத்துத் திறந்து தந்தாலும், வேண்டாம். கணக்கில் ஒரு மாத்திரை குறைந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகலாம்.

அடுத்து வார்டை ஒரு சுற்று நட. அவசர வண்டி எங்கே, அதிலுள்ள ஷொக் மெஷினை எந்தப் பொத்தான் உயிர்ப்பிக்கும், சளி உறிஞ்சும் சக்ஷன் எங்கே, ஒக்சிஜன் அடைக்கும் வால்வு எந்தச் சுவரில், இதயம் நின்றால் எந்த நம்பரை அழுத்துவது. அந்த நம்பர் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். கார்டின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டு. பதறும்போது விரல் பழைய நம்பரைத்தான் தேடும்.

கைப்பட்டி நிறத்தைக் கட்டாயம் கேள். இது சின்ன விஷயமில்லை. 2005இல் பென்சில்வேனியாவில் ஒரு நர்ஸ் நோயாளிக்கு மஞ்சள் பட்டி கட்டினார். அவர் வேலை செய்த மற்ற ஆஸ்பத்திரியில் மஞ்சள் என்றால் "இந்தக் கையில் ஊசி போடாதே". இந்த ஆஸ்பத்திரியில் மஞ்சள் என்றால் "இதயம் நின்றால் உயிர்ப்பிக்க வேண்டாம்". அந்த நோயாளிக்கு இதயம் நின்றபோது கிட்டத்தட்ட கைவிட்டிருப்பார்கள், யாரோ பிழையைக் கண்டுபிடித்ததால் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு பல மாநிலங்கள் நிறங்களைப் பொதுவாக்க முயன்றன. இருந்தாலும் கேட்டு அறிந்துகொள். கேட்க அரை நிமிடம் போதும்.

டியூட்டி கைமாறும்போது கட்டிலருகில் நின்றுதான் வாங்கு. வாயால் கேட்டதைக் கையால் சரிபார். சேலைன் பையில் விரலை வைத்து, குழாய் வழியே பம்புக்கு வந்து, பம்பிலிருந்து ஊசி குத்திய இடம் வரைக்கும் தடவிக்கொண்டே போ. பை என்ன, வேகம் என்ன, ஊசியிடம் வீங்கியிருக்கிறதா, எல்லாம் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம், மோர்பின் வகை, இந்த நான்கில் ஏதாவது ஓடினால் விட்டுப் போகிறவர் இன்னும் நிற்கும்போதே இரண்டு பேரும் சேர்ந்து பம்பைப் பாருங்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினை மட்டும் தனியாக எழுதுகிறேன், இடம் மாறுகிறவர்கள் தடுக்கி விழும் கல் அதுதான். 250 மில்லிப் பையில் 25,000 யூனிட் என்றால் ஒரு மில்லியில் 100 யூனிட். 500 மில்லிப் பையில் அதே 25,000 என்றால் ஒரு மில்லியில் 50. மணிக்கு 1,000 யூனிட் போக வேண்டுமானால் முதல் பைக்கு 10 மில்லி, இரண்டாவதுக்கு 20 மில்லி. பழைய இடத்துப் பழக்கத்தில் 20 என்று அழுத்திவிட்டால், பை முதல் வகையாக இருந்தால் இரண்டு மடங்கு மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். பம்ப் கத்தாது. நோயாளிக்கும் உடனே ஒன்றும் தெரியாது, பிறகு இரத்தம்தான் காட்டிக்கொடுக்கும். எனவே ஞாபகத்திலிருந்து எந்த மில்லிக் கணக்கும் போடாதே. பையிலுள்ள எழுத்தை வாசி, யூனிட்டில் யோசி, அந்த ஆஸ்பத்திரியின் அட்டவணையைத் திற.

மொழி விஷயமும் சொல்ல வேண்டும். அங்கே ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த நோயாளிகள் நிறையப் பேர் வருவார்கள். நம் ஆட்கள் சிங்கள டொக்டருக்கு முன்னால் "ஹரி, ஹரி" (சரி, சரி) என்று தலையாட்டிவிட்டு, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று தெரியாமலே லயத்துக்குத் திரும்புவதை இந்த மலையில் பிறந்த உனக்கு நான் விளக்க வேண்டுமா? தலையாட்டினால் விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. மொழிபெயர்ப்பாளர் போன் எங்கே என்று முதல் நாளே கேள். கூட வந்த பிள்ளையை வைத்துச் சமாளிக்காதே. பிள்ளை பயத்தில் பாதியை விழுங்கிவிடும், தாய் வெட்கத்தில் பாதியை மறைத்துவிடுவாள். சொல்லி முடித்ததும், "வீட்டில் இதை எப்படிப் போடுவீர்கள், சொல்லுங்கள்" என்று அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வை.

அங்குள்ளவர்களிடம் கேட்கும்போது "இங்கே இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேள். "எங்கள் ஆஸ்பத்திரியில் இப்படியில்லையே" என்று தொடங்கினால், கேள்வி நியாயமாக இருந்தாலும் முகம் மாறும். வேறு வார்டுக்கு அனுப்பினால், நோயாளிகளைப் பொறுப்பேற்க முன்னமே நின்று பேசு. எனக்கு இன்னது செய்ய வரும், இன்னது செய்ததில்லை, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று மூன்றே வசனம். பொறுப்பேற்ற பிறகு விட்டுப் போவது உன் லைசன்ஸையே கேள்விக்குள்ளாக்கும், அதற்கு முன் பேசுவது உன் உரிமை. பிழை ஒன்று நடந்துவிட்டால் முதலில் நோயாளியைப் பார், பிறகு சார்ஜ் நர்ஸையும் டொக்டரையும் கூப்பிடு, நடந்ததை நடந்தபடி எழுது. மறைக்கும் ஆசை ஒரு நிமிடம் எல்லோருக்கும் வரும், அந்த நிமிடத்தைத் தாண்டிவிடு.

படபடப்புக்கு வருவோம். அட்ரினலின் ஏறினால் நெஞ்சு அடிக்கும், வாய் காயும், கை நடுங்கும். குடலுக்குப் போகிற இரத்தம் குறைவதால் வயிறு கலக்கும். இது நோயில்லை, கோழைத்தனமும் இல்லை. மூச்சை வெளியே விடும் நேரம் நீண்டால் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும். நான்கு எண்ணும்வரை இழு, ஆறு எண்ணும்வரை விடு. வண்டிக்குள் இருந்து ஐந்து நிமிடம் இப்படிச் செய்துவிட்டு இறங்கு. வார்டுக்குள் பதறினால் கை கழுவும் தொட்டிக்குப் போ. எப்படியும் 20 செக்கன் கழுவ வேண்டும், அதற்குள் இரண்டு நீண்ட மூச்சு அடங்கும். தண்ணீர் விரலிடுக்கில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு விடு. நர்ஸ் கை கழுவுவதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

பி.ஓ.பி.எப். ரகத் தேயிலை ஒரு கிலோ அனுப்பியிருக்கிறேன். பகல் 2 மணிக்குப் பிறகு குடிக்காதே. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும், அடுத்த நாள் விடிய எழும்ப வேண்டியவளுக்கு இரவுத் தூக்கம்தான் பெரிய மருந்து. காலையில் வெறும் வயிற்றில் போகாதே. இரவே இரண்டு ரொட்டி சுட்டு வைத்துக்கொள், கட்டச் சம்பல் போதும். உடுப்பு, சப்பாத்து, கார்ட், பேனை இரண்டு எல்லாவற்றையும் கதவடியில் வைத்துவிட்டுப் படு.

நீ காலை 7 மணிக்கு வார்டுக்குள் நுழையும்போது இங்கே இரவு ஏழரை, சாமிக்கு விளக்கு வைத்திருப்பேன். நீ இரவு ஏழரைக்கு வெளியே வரும்போது இங்கே அடுத்த நாள் காலை 8 மணி. போன் என் கையில்தான் இருக்கும். வண்டிக்குள் ஏறி, கதவைப் பூட்டிவிட்டு எடு. பேச முடியாவிட்டால் "முடிந்தது" என்று ஒரு சொல் அனுப்பு, போதும்.

அன்புடன்,
அம்மா